குன்ஹில்டாவின் சத்தியம்

1087, பிப்ரவரி 3

பல்வலி உயிரை வாங்குகிறது. வலது கடைவாய். மூன்று நாளாகக் கஞ்சிதான்.

இந்தத் தாள்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வில்லியம் மன்னரின் எழுத்தர்கள் வந்து, எங்கள் மெல்தோர்ப் ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாடு, எத்தனை பன்றி, எத்தனை ஆள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். என் கோழிகளைக்கூட எட்டிப் பார்த்தார்கள். போகும்போது மை கொட்டிப் பாழான தோல்தாள்களைக் கோவிலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றைக் கத்தியால் சுரண்டி எழுதுகிறேன். என் பெயர் லியோவின், இந்த ஊர்ச் சாமியார். ஊரார் பாவங்களை நான் கேட்கிறேன். என் பாவத்தைக் கேட்க இருப்பவர் பக்கத்து ஊர்ச் சாமியார் ஒருவர்தான். அவரிடம் காலையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிடும். தாள் வாயைத் திறக்காது.

இன்று பனி உருகியதும் காட்டோரப் பள்ளத்தில் ஒரு பிணம் தெரிந்தது. பன்றி மேய்க்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. முகத்தை நரி தின்றுவிட்டது. தலையின் பின்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு காதிலிருந்து மறு காது வரை, பிடரி முழுக்க மழித்திருந்தது.

ஆங்கிலேயர்களான எங்கள் ஆண்கள் முடியைத் தோள்வரை விடுகிறவர்கள். பிடரியை மழிப்பது கடல் தாண்டி மன்னரோடு வந்த நார்மன்கள்தான்.

ஊர்த்தலைவர் ஆல்வின் குனிந்து பார்த்துவிட்டு, “சாமி, இது நம்ம ஆளு இல்ல,” என்றார். சொன்னவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எட்ரிக்கிடம் சொன்னேன். எட்ரிக் என் மகன், ஒரே மகன். சாமியார்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்று இப்போது புதிதாகச் சட்டம் பேசுகிறார்கள். என் மனைவி மில்ட்ரெட் அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். எட்ரிக் ஏர்க்காலைச் சீவிக்கொண்டிருந்தான். “அப்படியா,” என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 4

மன்னரின் சட்டம் இதுதான். ஒரு நார்மன் செத்துக் கிடந்தால், ஐந்து நாளுக்குள் கொன்றவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் முழுக்கச் சேர்ந்து நாற்பத்தாறு மார்க் வெள்ளி கட்ட வேண்டும். செத்தவன் யாரென்றே தெரியாவிட்டால் அவன் நார்மன்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். தப்பிக்க ஒரே வழி, செத்தவன் ஆங்கிலேயன் என்று அவன் சொந்த ரத்தம் ஒன்று வந்து சத்தியம் செய்வது. ஆங்கிலேயன் செத்தால் யாருக்கும் கவலை இல்லை. புதைத்துவிட்டுப் போகலாம்.

போன வசந்தத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்று மாட்டியது. உழவு மாடெல்லாம் போயிற்று. அந்த வருஷம் அங்கே ஆம்பளைகள் ஏரை இழுத்தார்கள், பெண்கள் பிடித்தார்கள். அறுவடைக்கு முன்பே பதினோரு பேரைப் புதைத்தார்கள்.

இன்று கோவிலுக்குள் எல்லோரும் கூடினோம்.

“நம்ம ஊர்க்காரன்னு சொல்லிட்டாப் போச்சு,” என்றார் ஒருவர்.

“யாரைச் சொல்லுவ?” என்று ஆல்வின் எரிந்து விழுந்தார். “உன் தம்பியவா? அதான் போன வருஷம் ஆள் ஆளா நிக்க வச்சு எழுதிட்டுப் போனானுங்களே! இந்த ஊர்ல எவன் இருக்கான், எவன் இல்லைன்னு நம்மளவிட அவனுங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

இருப்பவர்கள் எல்லோரும் மன்னரின் புத்தகத்தில் இருக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு மகன் எங்கள் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு.

குன்ஹில்டாவின் பெயரை முதலில் யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 5

குன்ஹில்டா எங்கள் ஊரில் பார்லிக் கள் காய்ச்சுகிறவள். கள் பதமானதும் வாசலில் ஒரு துடைப்பத்தை நட்டு வைப்பாள்; அதைப் பார்த்ததும் ஊர் ஓடும், நானும்தான். வாய் கொஞ்சம் நீளம். என் பிரசங்கத்தைவிட அவள் கள்ளுக்குத்தான் கூட்டம் அதிகம் என்று என் முகத்துக்கு நேரே சொல்வாள்.

அவள் ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே இருந்து வந்தவள். பதினேழு வருஷத்துக்கு முன் வடக்கே கலகம் என்று மன்னர் படையோடு போனார். வீட்டை, வைக்கோலை, விதைத் தானியத்தை, கலப்பையை எல்லாம் கொளுத்திவிட்டுத் திரும்பினார். நெருப்பில் செத்தவர்களைவிடப் பட்டினியில் செத்தவர்கள் பல மடங்கு. குன்ஹில்டாவின் புருஷன் அதில் போனான். ஒன்பது வயது மகன் சிவார்டைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்திருக்கிறாள். வழியில் அவனைத் தொலைத்தாள். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது தனியாகத்தான் வந்தாள். அன்று முதல் இந்தச் சாலையில் போகிற ஒரு ஆளைக்கூட அவள் விட்டதில்லை. ஊசி விற்கிறவன், உப்பு விற்கிறவன், பிச்சைக்காரன், எல்லோரையும் நிறுத்தி, “சிவார்டுன்னு ஒரு பையனைப் பார்த்தியா?” என்று கேட்பாள். பையனுக்கு இப்போது இருபத்தாறு வயது ஆகியிருக்கும். அவள் வாயில் அவன் பையன்தான்.

நான் போனபோது மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கிளறுவதை நிறுத்தவில்லை.

“எம்புள்ள உசுரோட இருக்கான்னு பதினேழு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். இப்ப என் வாயாலயே அவன் செத்தான்னு சொல்லச் சொல்றீங்க.”

“ஒரு வார்த்தைதானே குன்ஹில்டா. கடவுளுக்குத் தெரியும் அது ஊருக்காகச் சொன்னதுன்னு.”

“கடவுளுக்குத் தெரியும் சாமி. எம்புள்ளைக்குத் தெரியுமா?”

அவளாகவே சொன்னாள். தெற்கே நடந்து வந்த வழியில், பனியில், மகனை ஒரு உடைந்த வண்டிக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, ரொட்டி கேட்க ஒரு மடத்துக்குப் போனாளாம். “அசையாத, அம்மா வர்ற வரைக்கும் அசையவே கூடாதுன்னு சொன்னேன். திரும்பி வந்தா வண்டி மட்டும் இருக்கு. சொன்ன பேச்சைக் கேக்காம எங்கயோ போயிட்டான் பாருங்க.” இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். “இந்த ஊர் எனக்குச் சோறு போட்டுச்சு. சரி. சொல்றேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல் வலிக்கவே இல்லை.

பிப்ரவரி 6

பிணத்தின் தலையை முழுக்கச் சிரைத்துவிட்டேன். காயத்தைக் கழுவுவதற்காகச் சிரைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மண்டையில் இடது பக்கம் ஒரு வெட்டு. சின்ன வயது, இருபது இருக்கலாம். கால் விரல்கள் குழந்தைக்கு இருப்பது போல இருந்தன. எட்ரிக்கைத் துணைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டான்.

பிப்ரவரி 8

மன்னருக்காக இந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷெரீஃப்பின் ஆள் ராவூல் வந்தான். நார்மன். எங்கள் பேச்சை வேதப் புத்தகம் வாசிப்பது போலப் பேசுவான். ஆள் கெட்டவன் இல்லை, வேலையில் கறார்.

“இந்த மாது இறந்தவனுடைய தாய் என்பது உண்மையோ?” என்று கேட்டான்.

கோவிலில் இருக்கும் புனிதரின் விரல் எலும்புப் பெட்டி மேல் குன்ஹில்டா கையை வைத்தாள். “எம்புள்ள சிவார்டு. என்னைத் தேடி வந்திருக்கான். வந்து சேர்றதுக்குள்ள வழியில எவனோ அடிச்சுப் போட்டுட்டான்,” என்றாள். இப்படிச் சொல்லச் சொல்லி நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் ‘என்னைத் தேடி வந்திருக்கான்’ என்றபோது அவள் குரல் உடைந்தது. அது நான் கற்றுக்கொடுத்தது இல்லை. அடுத்து நான் கை வைத்தேன், எனக்குப் பின் ஆல்வினும் இன்னும் ஆறு பேரும்.

ராவூல் மொட்டைத் தலையைச் சற்று நேரம் பார்த்தான். என்னைப் பார்த்தான். “பொய்ச் சத்தியத்துக்குக் கை வெட்டப்படும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள் அல்லவா?” என்றான். அறிவோம் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் அடக்கம் செய்தோம். குன்ஹில்டா மண் போட்டாள். ஊரே என் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டது.

பிப்ரவரி 21

பல்லைக் கொல்லன் பிடுங்கினான். பாதி உள்ளேயே நிற்கிறது.

மார்ச் 14

ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் ஊரில் இறந்தவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டும். என் மில்ட்ரெட்டின் பெயரை மட்டும் மெதுவாகப் படிப்பேன். இப்போது ஐந்து வாரமாகச் சிவார்டின் பெயரையும் படிக்கிறேன். இன்று படிக்கும்போது எட்ரிக் எழுந்து வெளியே போய்விட்டான். எல்லோரும் பார்த்தார்கள்.

போதும். தாளிடமாவது மறைக்காமல் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு நாட்களில் ஒரு மாலை எட்ரிக் சட்டையெல்லாம் ரத்தமாக வந்தான். மன்னரின் காட்டில் மானுக்குக் கண்ணி வைத்திருக்கிறான். மடையன்! நம் மன்னர் மான்களுக்குத்தான் அப்பன். மானைத் தொட்டவனுக்குக் கண்ணைப் பிடுங்குவார். கண்ணியில் மான் கிடக்கும்போது அந்த நார்மன் பையன் எதிரே வந்து நின்றிருக்கிறான். புதிதாகக் கடல் தாண்டி வந்த காவலாளோ, வழிப்போக்கனோ தெரியாது. எட்ரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எட்ரிக்கின் இன்னொரு கையில் அரிவாள் இருந்தது. “அவன் ஏதோ சொன்னாம்பா, எனக்குப் புரியல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். செத்தவன் உடம்பிலிருந்து அவன் உருவிக்கொண்டு வந்த உடுப்புகளை அடுப்பில் போட்டவன் நான்.

கோவிலில் குன்ஹில்டாவின் பெயரை முதலில் சொன்னதும் நான்தான். அபராதம் கட்டினாலும் ராவூல் தேடிக்கொண்டுதான் இருப்பான். ஆங்கிலேயன் என்று முடிந்துவிட்டால் தேட மாட்டான். ஊரையும் காப்பாற்றினேன், பொய் இல்லை. ஆனால் முதலில் என் மகனைக் காப்பாற்றினேன்.

மே 9

குன்ஹில்டா சாலையில் போகிறவர்களை நிறுத்திக் கேட்பதை விட்டுவிட்டாள். உப்புக்காரன் தானாக நின்று, “என்னம்மா, இன்னிக்குக் கேக்கலையா?” என்றானாம். “கெடச்சுட்டான் தம்பி,” என்றாளாம்.

கள் காய்ச்சினால் முதல் கிண்ணம் அந்தக் குழிக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். இன்று நான் போனபோது புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“குன்ஹில்டா, உனக்கே தெரியும், இது…”

“தெரியும் சாமி. தெரியாமலா? ஆனா மொத நாள் பொய்யாத்தான் அழுதேன். ரெண்டாம் நாள் பொய்யா இல்ல. இவன் யார் பெத்த புள்ளையோ, எம்புள்ளையும் எங்கயோ செத்துத்தான் போயிருப்பான், இவனும் செத்துத்தான் போயிருக்கான். உக்காந்து அழ ஒரு இடம் ஆச்சு. இப்பத்தான் சாமி தூக்கம் வருது எனக்கு.”

இதைக் கேட்டு மனம் லேசாயிற்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் லேசாயிற்று. அவளுக்கும் ஒரு நன்மை செய்திருக்கிறேன் போலிருக்கிறதே என்று நினைத்தேன். எட்ரிக்கும் இப்போது சரியாகச் சாப்பிடுகிறான். மேற்கு வயலில் பட்டாணி நன்றாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று புது ரொட்டித் திருநாள். புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியை எல்லோரும் கோவிலுக்குக் கொண்டு வருவார்கள். பண்ணைப் பங்கை வாங்க ராவூலும் வந்திருந்தான். பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

வெளியாள் ஒருவன் வந்தான். ஒல்லி. ஒரு தோள் இறங்கியிருந்தது. நேராக ஆல்வினிடம் போனான்.

“ஐயா, இந்த ஊர்ல குன்ஹில்டான்னு ஒரு அம்மா இருக்காங்களா? ஹம்பருக்கு வடக்க இருந்து வந்தவங்க. கள்ளு காய்ச்சுவாங்கன்னு உப்பு விக்கிறவர் சொன்னார். நான் அவங்க மகன். சிவார்டு.”

ஆல்வின் வாயைத் திறந்தவர் மூடவில்லை. குழந்தைகளின் வாயைக்கூட யாரோ பொத்தினார்கள்.

ராவூல் திரும்பினான். “யாருடைய மகன் என்று கூறினாய்?”

அவன் மறுபடி சொன்னான். ஊர் பெயர், அப்பன் பெயர், எல்லாம் சொன்னான். ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் ஸ்காட்லாந்தில் அடிமையாக விற்றார்களாம். போன வருஷம்தான் விடுதலை கிடைத்ததாம். ஒரு வருஷமாக ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வருகிறானாம்.

குன்ஹில்டா என் பக்கத்தில்தான் நின்றாள். கையில் ரொட்டி. அவன் அவளைப் பார்த்துவிட்டான். யாரும் காட்டவில்லை, தானாகவே பார்த்தான்.

“அம்மா,” என்றான். “நான் அசையலம்மா. நீங்க சொன்ன மாதிரி அங்கயேதான் உக்காந்திருந்தேன். அவனுங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. நான் அசையவே இல்ல.”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். கட்டை விரல் ரொட்டிக்குள் முழுசாகப் போய்விட்டது.

“அம்மையே, இவனை அறிவீரா?” என்று ராவூல் கேட்டான்.

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் கை போயிருக்கும், என் கை, ஆல்வின் கை, இன்னும் ஆறு பேர் கை. ஊர் மாடு மொத்தமும் போயிருக்கும். குழியைத் தோண்டியிருப்பார்கள். எட்ரிக் பத்தடி தூரத்தில் நின்றான். அவள் ஒரு முறை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தைகளைப் பார்த்தாள்.

“எம்புள்ள செத்து ஆறு மாசம் ஆச்சு,” என்றாள். “அதோ, அங்கதான் கெடக்கான். நான்தான் மண்ணு போட்டேன். நீ வேற யாரோ அம்மாவைத் தேடி வந்திருக்க தம்பி.”

“அம்மா!”

“பசியா இருக்க போல. இந்தா, இதைத் தின்னுட்டுப் போ.” ரொட்டியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். “அம்மான்னு கூப்பிடாத. போ,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கள் கடனாகக் கேட்டு வருகிறவனிடம் பேசுகிற குரல்.

ராவூல் என்னிடம் திரும்பினான். “சாமியாரே, தாங்கள்?”

“அவள் சொல்வது உண்மை,” என்றேன். “நான்தான் அடக்கம் செய்தேன்.”

செத்தவன் பெயரைச் சொல்லி ஏமாற்ற வந்தவன் என்று ராவூலின் ஆட்கள் அவனைக் கம்பால் நாலு போட்டு, வடக்கு எல்லைக்கு விரட்டினார்கள். அவன் தடுக்கக்கூட இல்லை. குன்ஹில்டா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துடைப்பத்தை வாசலிலிருந்து பிடுங்கி உள்ளே போட்டாள்.

ஆகஸ்ட் 2

கோதுமையில் கோவில் பங்கு வாங்க நாள் முழுக்க அலைச்சல். அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். பிரசங்கம் வைக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றேன்.

அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியும்.

அவன் வந்த அன்று சாயங்காலம் விலாங்கு மீன் கூடை பார்க்க ஓடைக்குப் போனேன். தெற்குத் துறைக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஊரைச் சுற்றிக்கொண்டு அங்கே வந்திருக்கிறான். ஊரையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் அசையாமல்.

ராவூல் போய்விட்டிருந்தான். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. நான் இருபது அடி நடந்து, “தம்பி, அவ உன் அம்மாதான். வேற வழியில்லாமச் சொன்னா. இன்னிக்கு ராத்திரி இங்கயே இரு, கூட்டிட்டு வரேன்,” என்று சொல்லியிருக்கலாம். எத்தனை சொல்? விரல் விட்டு எண்ணிவிடலாம். புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு அந்தச் சொற்களை வாய்க்குள் சொல்லியும் பார்த்தேன்.

அப்புறம் நினைத்தேன். தெரிந்தால் அவன் திரும்பத் திரும்ப வருவான். எங்காவது குடித்துவிட்டு உளறுவான். ராவூல் காதுக்குப் போகும். எட்ரிக்…

வெயில் இறங்கும் வரை அவன் அங்கே இருந்தான். நானும் இருந்தேன். பிறகு எழுந்து, லிங்கன் நகரத்துக்குப் போகும் சாலையில் தெற்கே போனான். கூடையில் இரண்டு விலாங்கு இருந்தது. எட்ரிக்குக்குப் பொரித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 12

குன்ஹில்டா கள் காய்ச்சவில்லை. யாருடனும் பேசுவதில்லை. குழிப் பக்கமும் வருவதில்லை, புல் மண்டிக் கிடக்கிறது. ஊரார் அவள் வாசலில் மாவும் முட்டையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் தட்டத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

அக்டோபர் 5

மன்னர் செத்துவிட்டார். செத்தே ஒரு மாதம் ஆகப்போகிறதாம். உப்புக்காரன் கொண்டு வந்த செய்தி. எரிகிற ஊருக்குள் குதிரை ஓட்டிப் போனாராம். குதிரை இடற, சேணத்தின் முனை வயிற்றில் குத்திவிட்டதாம். வாரக்கணக்கில் கிடந்தாராம். வடக்கே செய்ததை நினைத்துக் கடைசியில் அழுதார் என்றும் சொல்கிறார்கள். மூத்த மகன் எதிரி பக்கம். இன்னொருவன் அப்பன் கண் மூடுவதற்குள் கிரீடத்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். கடைசிப் பிள்ளை தனக்கு எழுதிவைத்த வெள்ளியை வாங்கப் போய்விட்டான். உயிர் போனதும் வேலைக்காரர்கள் போர்வை, பாத்திரம், உடுப்பு என்று சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்களாம். அவ்வளவு பெரிய ராஜா துணியில்லாமல் தரையில் கிடந்தாராம்.

ஆல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். குன்ஹில்டா தன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“அப்ப சட்டமும் செத்துப்போச்சா?”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “இல்லம்மா. புது ராஜாவுக்கு முடி சூட்டியாச்சு. அவர் மகன்தான். அதே சட்டம்.”

“சரி,” என்று உள்ளே போய்விட்டாள்.

ஆயரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வரும் ஞாயிறு முதல் இறந்தவர் பட்டியலில் மன்னரின் பெயரை முதலில் படிக்க வேண்டும். சரியாகப் படிக்கிறோமா என்று பார்க்க ராவூல் வருவான்.

அக்டோபர் 9

குன்ஹில்டா போய்விட்டாள்.

காலையில் கோவிலுக்கு வந்தாள். முதுகில் ஒரு மூட்டை, கையில் கோல். “வடக்க போறேன் சாமி. அந்தப் பக்கம்தானே விரட்டுனானுங்க. கேட்டுக்கிட்டே போவேன். கேக்குறதுதான் எனக்குத் தெரியுமே,” என்றாள்.

வடக்கே. ஐம்பது வயதுக்காரி. குளிர் வரப்போகிறது. அவன் போனது தெற்கே.

பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அப்புறம்தான் வாய் தானாகச் சொன்னது. “வடக்கே இல்ல. தெற்கே போனான். லிங்கன் சாலை.”

திரும்பி வந்தாள். “யார் பார்த்தா?”

“நான்.”

“எப்ப?”

“அன்னிக்குத்தான். சாயங்காலம். ஓடைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தான்.”

“எவ்வளவு நேரம்?”

“இருட்டுற வரைக்கும்.”

“நீங்க பேசினீங்களா?”

“இல்ல.”

அவள் கோலைச் சுவரில் சாய்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“உன் மகனுக்காகத்தான் எல்லாம்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள். என்னை முதல் முறையாக ‘நீ’ என்றாள். “எட்ரிக் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. தெரிஞ்சேதான் பொட்டி மேல கை வச்சேன். ஒரு தாயில்லாப் புள்ள பொழைச்சுட்டுப் போகட்டும்னு வச்சேன். அன்னிக்கு முத்தத்துல எம்புள்ளைய இல்லன்னு சொன்னேனே, அதுகூட பரவால்ல, ஊரு இருந்துச்சு, புள்ளைங்க இருந்துச்சு. ஆனா ஓடக்கரையில யார் இருந்தா? நீயும் அவனும்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நான் கொல்லப் பக்கமா ஓடிப்போய்ப் பார்த்திருப்பேனே! நாம்பாட்டுக்கு உள்ள உக்காந்து, போயிட்டான், போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவன் மறுபடியும் எனக்காக அசையாம உக்காந்திருந்திருக்கான்.”

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டது மாதிரியே தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு,” என்றாள். “வாராவாரம் செத்தவங்க பேர் படிக்கிறியே, அதுல எம்புள்ள பேரைப் படிக்காத. உசுரோட எங்கயோ குளிர்ல நடந்துக்கிட்டிருக்கான். அவனை நீ மறுபடி மறுபடி சாகடிக்காத. இதையாவது செய்.”

“செய்றேன்,” என்றேன். “கடவுள் மேல ஆணை.”

“ஆணையெல்லாம் வேணாம்,” என்றாள். கோலை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். ஓடைத் துறையில் கொஞ்சம் நின்றாள். மரத்தடியில் தரையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அக்டோபர் 10

ஞாயிறு. நல்ல மழை. கோவில் நிறைய ஆள். ராவூல் முன் வரிசையில் நின்றான், கையில் எழுதுபலகை.

மன்னர் வில்லியத்தின் பெயரை முதலில் படித்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அடுத்து ஊர்ப் பெயர்கள். மில்ட்ரெட் வந்தது, போனது. கடைசிப் பெயருக்கு முன் நிறுத்தினேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். ராவூல் தலையைத் தூக்கினான். எட்ரிக் அவனுக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குன்ஹில்டாவின் மகன் சிவார்டு,” என்று படித்தேன்.

ஆமென் என்றார்கள்.